புதுச்சேரிக்கு வடக்கே ஊருக்கு ஊர் தூண்டில் வளைவு கேட்பது ஏன்?

கரையோரன் (இழையைத் தொடங்கியவர்):

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே அடிக்கடி போய்வருபவர்களுக்கு, மழைக்காலத்தில் கோட்டக்குப்பம் தாண்டி எங்கேனும் ஒரு சாலை மறியலில் நின்ற அனுபவம் இருக்கும். கடல் வாசலுக்கு வந்துவிட்டது, எங்கள் ஊருக்கும் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) அமைத்துக் கொடுங்கள் என்பதே கோரிக்கை. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று இந்த ஊர்களைத் தெற்கிலிருந்து வடக்காக வரிசைப்படுத்தினால், கோரிக்கை வலுத்த வரிசையும் ஏறத்தாழ அதுவாகவே இருக்கிறது. தெற்கே ஓர் ஊருக்குக் கல் வருகிறது. அதற்கு வடக்கே உள்ள ஊரில் அரிப்பு கூடுகிறது. அந்த ஊரும் கல் கேட்கிறது.

தொடக்கம் எதுவென்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் 1989-இல் கட்டி முடிக்கப்பட்ட துறைமுகத்தின் இரண்டு அலைத்தடுப்புச் சுவர்களும் மணலின் வடக்கு நோக்கிய பயணத்தை மறித்தன. அடுத்த சில ஆண்டுகளிலேயே நகரத்தின் கடற்கரை மறைந்தது, கருங்கல் கொட்டினார்கள், கல்வரிசை வடக்கே நீண்டது. தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைக்கோட்டை ஆராய்ந்து, தமிழ்நாட்டின் கரையில் சுமார் 43 விழுக்காடும் புதுச்சேரியின் கரையில் சுமார் 56 விழுக்காடும் அரிப்புக்கு உள்ளானவை என்று கணித்திருக்கிறது.

நான் விவாதிக்க விரும்புவது, தடுப்புகளைக் கரையில் வாழ்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை. பத்திரிகைகளில் இதற்கு இரண்டே வாசிப்புகள் கிடைக்கின்றன. மக்களுக்கு அறிவியல் தெரியவில்லை, அதனால் தங்களுக்கே கேடு விளைவிக்கும் கல்லைக் கேட்கிறார்கள் என்பது ஒன்று; அரசு செவிசாய்க்க மறுக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் பாதி வழியிலேயே நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. அந்த ஊர்களில் இருப்பவர்களும் இதே நிலையைக் கடந்த மற்றக் கரைகளைச் சேர்ந்தவர்களும் எழுத வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

செயல்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெளிவாகாமல் மற்றதைப் பேசுவதில் பயனில்லை. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை நம் கரையை அலைகள் தென்கிழக்குச் சாய்விலிருந்து தாக்குவதால் மணல் வடக்கே நகர்கிறது. வாடைக் காற்றுக் காலத்தில் திசை மாறித் தெற்கே நகர்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் ஆண்டு முடிவில் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிச் சென்றிருக்கும். இதன் குறுக்கே எதை நிறுத்தினாலும் தென்புறம் மணல் சேரும், வடபுறம் குறையும். 1870-களில் சென்னைத் துறைமுக வேலை தொடங்கியபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரம் கரைந்ததும் இதே விதியின்படிதான். புதுச்சேரியில் வீராம்பட்டினத்துப் பக்கம் மணல் சேர்ந்ததையும் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் பக்கம் மணலே இல்லாமல் போனதையும் ஒரே நாளில் நடந்து பார்த்துவிடலாம்.

தூண்டில் வளைவு தன் தென்புறத்தில் மணலைப் பிடித்துவைக்கும் என்பது உண்மை. ஆனால் அது மணலை உற்பத்தி செய்வதில்லை. வடக்கே போக வேண்டியதை நிறுத்திவைக்கிறது. கரைக்கு இணையாகக் கொட்டப்படும் கற்சுவரின் சிக்கல் வேறு. அலை சுவரில் மோதித் திரும்பும்போது சுவரின் அடிவாரத்து மணலை அரித்துச் செல்கிறது. அடி பள்ளமானதும் கற்கள் சரிந்து புதைகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலும் கல் கொட்ட வேண்டியிருக்கிறது.

கடல் மட்டம் பற்றியும் அளவோடு பேச வேண்டும். 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகச் சராசரிக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 1971 வரை ஆண்டுக்கு 1.3 மி.மீ. அளவில் இருந்த வேகம் 2006-க்குப் பிந்தைய பத்தாண்டில் 3.7 மி.மீ. ஆகியிருக்கிறது. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மி.மீ. என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் துறைமுகம் வந்தபின் உயர்ந்தது ஏறத்தாழ ஒரு சாண் கூட இல்லை. இந்த ஊர்கள் இழந்த நிலத்துக்கு அதை முதற்காரணமாகக் காட்ட முடியாது. ஆனால் மணல் பட்டினியில் கிடக்கும் கரைக்கு அந்த உயர்வைத் தாங்க மெத்தை இல்லை. அகன்ற கடற்கரை உயரும் கடலுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். கற்சுவர் கட்டிய அன்று இருந்த உயரத்திலேயே நிற்கும்.

ஆகவே ஊருக்கு ஊர் கல் கேட்பதை நான் ஆதரிக்க முடியாது. துறைமுகத்தின் தென்புறத்தில் சேரும் மணலை ஆண்டுதோறும் வடபுறத்துக்கு மாற்றிக் கொட்டுவதே முறையான தீர்வு. அது தொடக்கத் திட்டத்திலேயே இருந்தது, தொடர்ச்சியாகச் செய்யப்படவில்லை.

வடக்குத்தெரு:

ஐயா எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. கல்லுக்கு வடக்கே கரை போகும் என்பதை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாங்கள்தான் அந்த வடக்கு. எங்களுக்குத் தெற்கே கல் இறங்கியபோது என்ன நடக்கும் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் சொன்னார்கள், சொன்னபடியே நடந்தது. அறியாமல் கேட்கிறோம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

பிறகு ஏன் கேட்கிறோம்? கண்ணெதிரே உள்ளதைச் சொல்கிறேன். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்த இரவில், எங்கள் கரையோர வரிசை வீடுகளில் கடலைப் பார்த்த சுவர்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வீடு அப்படியே விழவில்லை. முதலில் தரைக்கு அடியில் இருக்கும் மணல் போய்விடுகிறது. தரை சிமெண்டுப் பலகை போல அந்தரத்தில் நிற்கிறது. அதன் கீழே அலை நுழைந்து வெளியே வரும் ஓசை வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்கிறது. அதன் பிறகுதான் சுவர் பிளக்கிறது. அந்த நேரத்தில் தெற்கே கல் இருக்கும் ஊரில் அதே வரிசை வீடுகள் நின்றன. மறுநாள் காலையில் ஊர் கூடும்போது எந்தத் தகப்பன் மணலை வடக்கே மாற்றும் திட்டத்தைப் பற்றிப் பேசுவான்?

இன்னொன்று, இதை வெளியில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை. கல் வேண்டும் என்று மனு கொடுத்தால் அதற்கு ஒரு பாதை இருக்கிறது. பொறியாளர் வந்து அளக்கிறார், மதிப்பீடு தயாராகிறது, நிர்வாக அனுமதிக்குப் போகிறது, ஒப்பந்தப்புள்ளி கோருகிறார்கள், லாரி வருகிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கிறது. மணல் வேண்டும் என்று மனு கொடுத்தால் அதை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்றே யாருக்கும் தெரியவில்லை. துறைமுகம் ஒரு துறையிடம், கரை வேறொரு துறையிடம், மீனவர் நலன் மூன்றாவது துறையிடம். போதாக்குறைக்குத் துறைமுகம் ஓர் அரசிடம், அரிக்கப்படும் ஊர் வேறோர் அரசிடம். கிடைக்கக்கூடியதைத்தானே கேட்க முடியும்?

அதற்காகக் கல்லை நாங்கள் கொண்டாடவும் இல்லை. கல் இறங்கிய இடத்தில் படகை ஏற்ற முடியாது. ஃபைபர் படகு ஒருமுறை கருங்கல்லில் உரசினால் அடிப்பாகம் பிளந்துவிடும். பூசி எடுப்பதற்குள் சில நாள் தொழில் போய்விடும். கரைவலை இழுக்க நீளமான மணற்பரப்பு வேண்டும், அது இல்லாத ஊரில் கரைவலை இல்லை. கருவாடு காயவைத்த இடம் போனதால் பெண்கள் சாலையோரத்தில் தார்ப்பாய் விரிக்கிறார்கள். லாரிப் புழுதி படிந்த கருவாட்டுக்கு வியாபாரி விலை குறைக்கிறார். படகுகள் இப்போது தெருவுக்குள், வீட்டுக்கு வீடு இடையில் நிற்கின்றன. சுவர் எங்கள் வீட்டைக் காப்பாற்றுகிறது, தொழிலைக் காப்பாற்றவில்லை. இரண்டையும் காப்பாற்றுவதாக யாரும் எங்களிடம் எதையும் கொண்டுவந்து காட்டாததால் வீட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

கடற்கரைச் சாலை:

நான் நகரத்தில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன், ஆகையால் என் பார்வை நகரத்துப் பார்வையாகவே இருக்கும். இங்கே மாற்று வழி ஒன்று முயன்று பார்க்கப்பட்டதை நினைவூட்ட வேண்டும். சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கு அடியில் ஆப்பு வடிவிலான பெரிய எஃகுக் கட்டமைப்பை இறக்கியது. அலையின் வேகத்தை அது முன்கூட்டியே குறைத்ததாலும், முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலைக் கொண்டுவந்து கொட்டியதாலும், பல்லாண்டுகளாகக் கல் மட்டுமே இருந்த இடத்தில் மணல் படிந்தது. அலையில் கால் நனைத்து அறியாத ஒரு தலைமுறை இங்கே வளர்ந்திருந்தது; அவர்கள் முதன்முறையாக அந்த மணலில் இறங்கியதை நாங்கள் பார்த்தோம். இந்தக் கோரிக்கையை நகரத்தில் பல ஆண்டுகள் விடாமல் எழுப்பிய குடிமக்கள் அமைப்பான பாண்டிகேன் போன்றவர்களின் உழைப்பையும் குறிப்பிடத்தான் வேண்டும். எனவே கல்லைத் தவிர வழியில்லை என்று கிராமங்கள் முடிவுகட்ட வேண்டியதில்லை.

வடக்குத்தெரு:

நல்லது நடந்ததை மறுக்கவில்லை. அந்தக் கட்டமைப்பு எதற்கு எதிரே இறங்கியது என்பதை மட்டும் மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்: தலைமைச் செயலகத்துக்கு எதிரே. நகரத்துக்கு மணல், எங்களுக்குக் கல் என்பதுதான் இதுவரை உள்ள பங்கீடு. எங்கள் ஊருக்கு எதிரே அதுபோல ஒன்றை இறக்க யாரேனும் வந்து அளந்தால், மறியலை நிறுத்தச் சொல்லும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

வடசென்னைக்காரன்:

கல் வந்து ஒரு தலைமுறை கழிந்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வந்து பாருங்கள். சாலை கடலுக்குள் போன காலத்தை என் தந்தையார் தலைமுறை அறியும். அதன் பிறகு சுவர் வந்தது, தூண்டில் வளைவுகள் வந்தன. இன்று சாலை நிற்கிறது, வீடுகள் நிற்கின்றன, கண்டெய்னர் லாரிகள் அந்தச் சாலையில் வரிசைகட்டி நிற்கின்றன. புயல் நாளில் உறங்க முடிகிறது என்பது சிறிய காரியம் அல்ல, அதை இழிவாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் குப்பம் என்ற ஏற்பாடு அந்தச் சுவரோடு கரைந்தது. கரையில் படகு வைக்க முடியாதவர்கள் காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கே போனால் நிறுத்த இடம், ஏலம், ஐஸ், டீசல் எல்லாவற்றிலும் விசைப்படகுகளோடு போட்டி. சிறிய படகுக்காரர் பலர் மற்றவர் படகில் கூலிக்கு ஏறினார்கள். மீன் விற்ற பெண்கள் கரையிலேயே ஏலம் எடுத்ததை விட்டு, விடியுமுன் ஆட்டோ பிடித்துத் துறைமுகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில் கல்லை யாரும் எதிர்க்கவில்லை. கல்லோடு சேர்த்துப் படகு ஏற்ற இடைவெளி கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் இப்போது சொல்கிறார்கள். சில வளைவுகளுக்கு இடையில் சிறிய மணல் திட்டுகள் சேர்ந்திருக்கின்றன, அங்கே படகுகள் நிற்கின்றன, மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். வரைபடத்தில் யாரோ ஒரு பொறியாளர் இரண்டு வளைவுகளுக்கு இடையே விட்ட தூரம் அந்தக் குப்பத்தின் பிழைப்பை முடிவுசெய்திருக்கிறது. அந்தத் தூரத்தைப் பற்றி அங்கே இருந்தவர்களிடம் யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வெளியூர் வாசகன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு பணத்தைக் கடலில் கொட்டுவதைவிட, கரையோர வரிசையில் இருக்கும் குடும்பங்களுக்கு உள்ளே நிலமும் வீடும் கொடுத்துவிட்டால் என்ன? கடல் மட்டம் இனிக் குறையப்போவதில்லை. என்றேனும் நகரத்தான் வேண்டும் என்றால் இன்றே நகர்வது மலிவல்லவா?

குமரிக்கரை:

வெளியூர் நண்பர் கேட்டதற்கு மற்றவர்கள் விடை சொல்லட்டும், எங்கள் கரையின் நிலையை மட்டும் பதிவு செய்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை 70 கி.மீ. அளவுக்குச் சற்றே கூடுதல்; அதற்குள் நெருக்கமாக மீனவ ஊர்கள், பெரும்பாலானவற்றில் தடுப்புச் சுவரோ தூண்டில் வளைவோ இருக்கிறது. இங்கே கோரிக்கையை ஊர்த் தேவாலயத்தின் பங்குப் பேரவையும் பங்குத் தந்தையும் முன்னின்று எடுத்துச் செல்வதால், ஊர் ஒரே குரலில் பேசுகிறது. ஊர் என்ற அலகுக்கு உள்ளே அந்த ஒற்றுமை வலிமை. ஊரின் எல்லை தாண்டினால் அதுவே சிக்கல்: பக்கத்துப் பங்குக்கு வளைவு வந்து நமக்கு வரவில்லை என்றால் அது மானப் பிரச்சினையாகிவிடுகிறது.

தேங்காய்ப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்தில் மணல் திட்டு சேர்ந்து, படகுகள் கவிழ்ந்து, பல உயிர்கள் போயின. கடலில் கட்டப்படும் எதுவும் மணலைத் தன் இஷ்டத்துக்கு இடம் மாற்றும் என்பதை எங்கள் ஊர்கள் அங்கே பார்த்தன. அப்போதும் மக்கள் கேட்டது கட்டுமானத்தை அகற்று என்பதல்ல. அலைத்தடுப்புச் சுவரின் நீளத்தை மாற்றிக் கட்டு, மணலை வாரு என்பதுதான். தடுப்பு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி எங்கள் கரையில் எப்போதோ முடிந்துவிட்டது. எந்த வடிவில், யார் பராமரிப்பது என்பதே இன்றைய சண்டை.

எல்லைக்கு அப்பால் கொச்சிக்கு அருகே செல்லானத்தையும் கவனியுங்கள். ஆண்டுதோறும் வீட்டுக்குள் கடல் புகுந்த அந்த ஊரில், சுமார் 7 கி.மீ. நீளத்துக்குச் சிமெண்டு நாற்கால் கட்டைகளால் சுவர் எழுப்பும் பணியை, 344 கோடி ரூபாய்த் திட்டமாக, 2022-இல் தொடங்கினார்கள். சுவர் எழுந்த பகுதியில் நிம்மதி. சுவர் முடிகிற இடத்துக்கு அப்பால் உள்ள கண்ணமாலி பக்கத்து மக்கள், எங்களுக்கும் நீட்டு என்று போராட்டத்தில் இறங்கினார்கள். புதுச்சேரிக்கு வடக்கே நீங்கள் காணும் அதே வரிசை.

சட்ட மாணவி:

வெளியூர் வாசகனுக்கு என் பதில் சற்று நீளமாகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நகர்ந்துவிடுங்கள் என்பது இந்தக் கரையில் புதிய யோசனை அல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 மார்ச்சில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 172-ஆம் எண் அரசாணை, உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமான குடும்பங்களுக்கு ஒரு தேர்வைக் கொடுத்தது. அப்பால் போக ஒப்புக்கொண்டால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்பில் இலவச வீடு. போக மறுத்தால் இருக்குமிடத்தில் தாமே பழுதுபார்த்துக்கொள்ளலாம், அரசின் உதவி கிடையாது. இதைத் தேர்வு என்று அழைப்பது சட்டத்தின் மொழி. வீட்டை இழந்து நிவாரண முகாமில் இருந்தவருக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். அதே ஆண்டுகளில் அதே 200 மீட்டருக்குள் தங்கும் விடுதிகள் எழுவதையும் மீனவர்கள் பார்த்தார்கள். கடல் எங்களுக்கு மட்டும் ஆபத்தா என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. இன்று கடல் மட்ட உயர்வைக் காரணம் காட்டி யார் நகரச் சொன்னாலும் முதலில் வருவது அந்தப் பழைய ஐயம்தான்.

கேரளத்தில் புனர்கேகம் என்ற திட்டத்தின்கீழ், கரையிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கும் குடும்பம் தானாக முன்வந்து நகர்ந்தால் நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அரசாணை 172-ஐவிடக் கண்ணியமான ஏற்பாடு. ஆனாலும் கடலோரத் தாலுகாக்களில் அந்தத் தொகைக்கு நிலம் கிடைப்பது அரிது. கிடைக்கும் நிலம் கடலிலிருந்து தொலைவில் இருக்கிறது. அதிகாலையில் கடலின் நிறத்தையும் காற்றையும் வாசலிலிருந்தே பார்த்துத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவுசெய்பவருக்கு, தொலைவில் கிடைக்கும் வீடு தொழிலுக்கு உதவாத வீடு.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. வீடு பட்டாவில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடற்கரையோ யாருடைய பட்டாவிலும் இல்லை, அது ஊரின் பொது. படகு நிறுத்த, வலை காயவைக்க, ஏலம் போட, திருவிழா நடத்த இருந்த அந்தப் பொது நிலத்துக்கு எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இடம் இல்லை. கரையை விட்டு ஊர் நகர்ந்தால் அந்த உரிமை தானாகவே காலாவதியாகும் என்ற அச்சம் நியாயமானது. கல் கேட்பதில் அலையைத் தடுப்பது ஒரு பாதி. இந்த ஊர் இங்கேதான் இருக்கும் என்று அரசையே செலவு செய்ய வைத்து ஒப்புக்கொள்ளச் செய்வது மறுபாதி. எந்த ஊருக்காக அரசு கோடிக்கணக்கில் கல் கொட்டியதோ அந்த ஊரை மறுநாள் வந்து காலி செய் என்று சொல்வது கடினம். என் கணிப்பில் இதுதான் கோரிக்கையின் முதுகெலும்பு, பொறியியல் வாதங்கள் தொடவே தொடாத இடமும் இதுதான்.

இதற்கு எதிர்மறையான எடுத்துக்காட்டு பிரிட்டனில் இருக்கிறது. வேல்ஸ் கரையிலுள்ள ஃபேர்போர்ன் என்ற சிற்றூரின் தடுப்புகளை 2054-க்குப் பிறகு பராமரிக்கப்போவதில்லை என்று உள்ளாட்சி அமைப்பு அறிவித்தது. கடல் வருவதற்கு வெகு காலம் முன்னரே வீட்டின் விலை விழுந்தது, வங்கிகள் கடன் தரத் தயங்கின. மக்கள் எங்கே போவது என்பதற்கு விடை இல்லாமலே தேதி மட்டும் குறிக்கப்பட்டது. தடுப்பை நிறுத்தப்போகிறோம் என்ற அறிவிப்பே ஓர் ஊரை அழிக்கத் தொடங்கிவிடும் என்பதை அங்கே காணலாம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:

அம்மையார் எழுதிய பகுதி பொறியியல் அறிக்கைகளில் வருவதில்லை. அது வராததால்தான் நாங்கள் தயாரிக்கும் மாற்றுத் திட்டங்களை ஊர்கள் நம்புவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னதன் அடிப்படை மாறவில்லை: மணல் ஊரின் எல்லையையும் அரசின் எல்லையையும் பார்த்து நகர்வதில்லை. பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும், முழுக் கரைக்குமான மேலாண்மைத் திட்டம் இல்லாமல் துண்டு துண்டாகத் தூண்டில் வளைவு கட்டுவதைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறது. அந்த அக்கறை சரியானது.

நெதர்லாந்தில் 2011-இல் ஒரே இடத்தில் இரண்டு கோடி கன மீட்டருக்கு மேற்பட்ட மணலைக் கொட்டி, அலையே அதைப் பரப்பட்டும் என்று விட்டார்கள். அந்த அளவுக்கு நாம் போக வேண்டியதில்லை. இங்கே மணல் வெளியிலிருந்து வர வேண்டாம். துறைமுகத்தின் தென்புறத்தில் சேர்வதை வடபுறத்துக்கு மாற்றினால் போதும். கல் கட்டியே தீர வேண்டிய இடத்தில், வளைவுகளுக்கு இடைப்பட்ட பகுதியை முதலிலேயே மணலால் நிரப்பிவிட்டால், புதிய வளைவு வடக்கே போகும் மணலை உறிஞ்ச வேண்டியிருக்காது. வரும் மணல் தாண்டிப் போகும். கடைசி வளைவுகளைப் படிப்படியாகக் குட்டையாக்கிக்கொண்டு போனால் வடக்கே விழும் அடியும் தணியும். இவை பாடப்புத்தகத்தில் உள்ளவைதான். நிரப்பும் செலவு மதிப்பீட்டில் கூடுதலாகத் தெரிவதால் முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

வடக்குத்தெரு:

நீதிமன்றத் தடை என்று செய்தி வரும்போது எங்கள் ஊரில் என்ன பேசுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கே எல்லாருக்கும் கல் இறங்கி முடிந்தது, எங்கள் முறை வரும்போது சுற்றுச்சூழல் நினைவுக்கு வந்துவிட்டது என்கிறார்கள். திட்டம் வரும்வரை காத்திருங்கள் என்றால், திட்டம் வரும்வரை வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதற்கும் அதே உத்தரவில் விடை இருக்க வேண்டும். பருவநிலை மாற்றம் என்று அதிகாரிகள் சொல்லும்போதும் எங்களுக்கு அப்படித்தான் படுகிறது. அது பொய் என்று சொல்லவில்லை. அந்த விடையில் பொறுப்பாளி யாரும் இல்லை; துறைமுகம் என்ற விடையில் இருக்கிறார்கள்.

ஐயா சொன்ன இரண்டு செய்திகள், நிரப்பிவிட்டுக் கட்டுவதும் கடைசி வளைவைக் குட்டையாக்குவதும், இதுவரை எங்கள் மனுக்களில் வந்ததில்லை. வடசென்னை அண்ணன் சொன்ன படகு ஏற்றும் இடைவெளியும் வந்ததில்லை. நாங்கள் எப்போதும் எத்தனை வளைவு என்று எண்ணிக்கை மட்டும் எழுதிக்கொண்டிருந்தோம். இவற்றை எழுதிக் கொடுத்தால் மதிப்பீட்டில் சேர்க்க முடியுமா, அல்லது புதிய ஆய்வு தேவை என்று சொல்லி மறுபடியும் கிடப்பில் போடுவார்களா?

ஓய்வுபெற்ற பொறியாளர்:

மதிப்பீட்டில் தனி இனமாகச் சேர்க்க முடியும். முகத்துவாரத்தில் தூர்வாரும் ஒப்பந்தத்திலேயே மணலை எங்கே கொட்ட வேண்டும் என்ற நிபந்தனையை எழுதிவிட்டால் செலவில் பெரும்பகுதி அங்கே அடங்கிவிடும். படகு இடைவெளிக்கு, உங்கள் ஊரில் எத்தனை படகுகள், எந்த மாதத்தில் எந்தப் பக்கம் ஏற்றுகிறீர்கள் என்ற விவரத்தை ஊரே வரைந்து இணைப்பது நல்லது. அந்த விவரம் வேறு எந்த அலுவலகத்திலும் இருக்காது.

சட்ட மாணவி:

ஒரு திருத்தம் சொல்ல அனுமதியுங்கள். தூர்வாரும் ஒப்பந்தம் புதுச்சேரியுடையது, உங்கள் கரை விழுப்புரம் மாவட்டத்துடையது. ஆகவே ஒரே மனுவை இரண்டு அரசுகளுக்கும் அனுப்பினால் ஒன்று மற்றொன்றைக் கைகாட்டும். புதுச்சேரிக்குப் போகும் மனுவில் மணல் மட்டும், தமிழ்நாட்டுக்குப் போகும் மனுவில் வளைவின் வடிவமும் படகு இடைவெளியும் மட்டும் என்று பிரித்து எழுதுங்கள். இரண்டிலும் உங்களுக்கு வடக்கே இருக்கும் ஊரின் பஞ்சாயத்தார் கையெழுத்தையும் வாங்க முடிந்தால், ஊருக்கு ஊர் முட்டல் என்று யாரும் ஒதுக்க முடியாது.

வடக்குத்தெரு:

வடக்கு ஊரில் கேட்டுப் பார்த்துவிட்டேன், அம்மா. கையெழுத்துப் போடுகிறோம், ஆனால் மணல் முதலில் எங்கள் பக்கம் கொட்டிய பிறகே உங்கள் பக்கம் கல் இறங்க வேண்டும் என்று மனுவிலேயே எழுத வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தில் இதற்கு இன்னும் ஒப்புதல் இல்லை. மழைக்கு முன் ஒருமுறை கூடவிருக்கிறோம்.